விடுதி மேலாளர் பொறுப்பை இன்று ஏற்கலாமா? கொரோனாவுக்குப் பிறகு இந்த வேலை எப்படி மாறியிருக்கிறது?

கேள்வி கேட்டவர்: வைகைக்கரை

மதுரையில் 58 அறைகள் உள்ள ஒரு தங்கும் விடுதியில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ரிசப்ஷனில் இரவு ஷிஃப்டில் சேர்ந்து, இப்போது ஃப்ரண்ட் ஆபீஸ் மேலாளராக இருக்கிறேன். எங்கள் மேலாளர் உடல்நிலை காரணமாக அடுத்த மாதத்தோடு விலகுகிறார். அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்படி முதலாளி என்னிடம் கேட்டிருக்கிறார். சம்பள உயர்வு உண்டு. பத்தாண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் அன்றைக்கே இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இப்போது ஒரு வாரமாகப் பதில் சொல்லாமல் இருக்கிறேன்.

காரணம் இதுதான். 2019-இல் எங்கள் விடுதியில் ஹவுஸ்கீப்பிங்கில் 16 பேர், ரிசப்ஷனில் 7 பேர், அவர்களுக்கு மேலே ஷிஃப்டுக்கு ஒருவராக மூன்று டூட்டி மேனேஜர்கள் இருந்தார்கள். மேலாளர் காலை ஒன்பதரைக்கு வருவார். நைட் ஆடிட் அறிக்கையை, அதாவது முந்தைய நாள் கணக்கை இரவில் முடித்து வைக்கும் அறிக்கையைப் பார்த்துவிட்டு மாடி மாடியாக ஒரு சுற்று வருவார். மதியத்துக்கு மேல் டிராவல்ஸ்காரர்களையும் கம்பெனிகளையும் பார்க்க வெளியே போவார். இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். இப்போது ஹவுஸ்கீப்பிங்கில் 9 பேர், ரிசப்ஷனில் 4 பேர். டூட்டி மேனேஜர் என்ற பதவியே இல்லை. அறைகள் மட்டும் அதே 58.

இந்த ஆண்டு அழகர் ஆற்றில் இறங்கிய அன்று காலை, கீழே குடும்பம் குடும்பமாகப் பைகளோடு காத்துக்கொண்டிருக்க, எந்த அறை தயார் என்று பார்க்க மூன்றாவது மாடிக்கு ஓடினேன். 304-இல் எங்கள் மேலாளர், டையின் நுனியைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, தலையணையைத் தாடையில் அழுத்திப் பிடித்தபடி உறை மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு 53 வயது. “ரெண்டு நிமிஷம், டவல் மட்டும் வைக்கணும், ஆளை அனுப்பு” என்றார். அவர் விலகுகிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் காலைதான்.

இது கொரோனா விட்டுச்சென்ற தற்காலிக நெருக்கடியா, அல்லது மேலாளர் வேலை என்றாலே இனி இதுதானா? ஏற்பதாக இருந்தால் முதலாளியிடம் முன்கூட்டியே எவற்றைப் பேசி முடிக்க வேண்டும்? மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டில் பார்த்து அவளுக்கு நாளாகிறது. இந்தத் துறையில் இருக்கும் பெரியவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பதில்: கோடைமலை

வணக்கம் தம்பி. கொடைக்கானலில் 40 அறைகள் உள்ள விடுதிக்கு 2016 முதல் மேலாளராக இருக்கிறேன். ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி இது. நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் இன்றைய நிலை உங்களுக்குப் புரியும்.

2020 மார்ச் 24 அன்று எங்கள் கடைசி விருந்தினரின் வண்டி மலையிறங்கியது. சீசன் தொடங்குவதற்கு மூன்று வாரம் இருந்தது. அடுத்த சில நாட்களில் 31 ஊழியர்களில் 27 பேரை ஊருக்கு அனுப்பிவிட்டு, வாட்ச்மேன், எலக்ட்ரீஷியன், ஒரு சமையல்காரர், நான் என்று நான்கு பேர் அந்தக் கட்டடத்தில் தங்கினோம். ஆளில்லாத விடுதியைக் காப்பாற்றுவது, ஆள் நிரம்பிய விடுதியை நடத்துவதைவிடக் கடினம் என்பதை அப்போதுதான் கற்றேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் 40 அறைகளிலும் குழாய்களைத் திறந்து தண்ணீரை ஓட விட வேண்டும், இல்லாவிட்டால் குழாயில் நிற்கும் தண்ணீர் கெட்டு நாறும்; வாரம் ஒருமுறை ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும்; மெத்தைகளை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டும். மழையும் பனிமூட்டமும் வந்தபின் கம்பளிகளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியது. வெயில் எட்டிப் பார்க்கும் ஒரு மணி நேரத்தில் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

இரவு நேரத்தில் என் வேலை வேறு. பி.எஃப். கணக்கிலிருந்து கொரோனா முன்பணம் எடுக்கலாம் என்று அந்த மார்ச் இறுதியில் அறிவித்திருந்தார்கள்: மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், அல்லது கணக்கில் இருப்பதில் 75 சதவீதம், இவற்றில் எது குறைவோ அது. எங்கள் ரூம் பாய்கள் பலருக்கு ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். கணக்கில் இன்னொரு பெயர். முன்னெழுத்து ஒருவருக்கு முன்னால் இருக்கும், இன்னொருவருக்குப் பின்னால் இருக்கும். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட, அவர்களுக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்டுக் கேட்டு என் லேப்டாப்பில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். ஒருவருக்குக் கையில் கிடைத்தது 6,200 ரூபாய். அதற்காக அவருடைய தாயார் போனை வாங்கி, எனக்குப் புரியாத மொழியில் நெடுநேரம் பேசினார். மேலாளர் என்ற பதவியில் நான் செய்த வேலைகளில் மனதுக்கு நிறைவானது எது என்று கேட்டால், இன்றும் அந்த இரவுகளைத்தான் சொல்வேன்.

2020 செப்டம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் தங்கும் விடுதிகளைத் திறக்க அனுமதித்தார்கள். மலைக்கு வர மட்டும் இ-பாஸ் தொடர்ந்தது. தட்டுத்தடுமாறி எழுந்து நிற்கும்போது, 2021 ஏப்ரல் 20 முதல் கொடைக்கானல், நீலகிரி, ஏற்காடு மூன்றுக்கும் சுற்றுலாப் பயணிகள் வரக்கூடாது என்று தடை வந்தது. ஆக, ஏப்ரல்-மே வருமானத்தை வைத்து ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுக்கும் ஊருக்கு இரண்டு சீசன் முழுதாகப் போயிற்று. 2022 மே மாதம் பிரையன்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி மறுபடி நடந்தபோது கூட்டம் திரும்பி வந்துவிட்டது; ஊழியர்கள் திரும்பவில்லை. வத்தலக்குண்டுக்காரர் ஒருவர் ஷேர் ஆட்டோ வாங்கிவிட்டார். எங்கள் தந்தூர் மாஸ்டர் பெரியகுளத்தில் சொந்தமாக டிபன் கடை போட்டுவிட்டார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு முறை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன வருமானத்தை நம்பி மூன்றாம் முறையும் மலையேறு என்று எந்த வாயால் கூப்பிடுவது?

அப்போது நாங்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறினோம். ரூம் பாய்கள் போன இடத்துக்கு ஏஜென்சி மூலம் புதியவர்கள் வந்துவிட்டார்கள். நடுவில் இருந்தவர்கள், அதாவது எட்டு பத்து ஆண்டு அனுபவமுள்ள சூப்பர்வைசரும் உணவகக் கேப்டனும் டூட்டி மேனேஜரும் போன இடம் அப்படியே காலியாக இருக்கிறது. புதிதாக வரும் பையனுக்குப் படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கக் கற்றுக்கொடுத்ததும், குடித்துவிட்டுச் சண்டை போடும் விருந்தினரைத் தன்மையாகப் பேசி அறைக்கு அனுப்பியதும் அவர்கள்தான். இன்று மூன்று மாதம் முன்னால் சேர்ந்தவர் நேற்றுச் சேர்ந்தவருக்குக் கற்றுக்கொடுக்கிறார். அந்த நடு அடுக்கின் வேலை முழுவதும் மேலாளரின் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, எங்கள் பையன்கள் ஆறு பேர் ஒரே இரவில் மூட்டை கட்டினார்கள். அவர்களோடு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் வீட்டுக்கும் வீடியோ கால் போட்டு, பிள்ளைகள் நலமாக இருப்பதைக் காட்டிப் பேச வேண்டியிருந்தது. நான்கு பேர் தங்கினார்கள். முன்பென்றால் அந்த வேலையை எங்கள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரே முடித்திருப்பார்.

ஆகவே தம்பி, பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு டூட்டி மேனேஜரையாவது மறுபடி நியமித்தால்தான் ஏற்பேன் என்று சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். மற்றபடி, ஆள் வராத நாளில் மேலாளர் கையைக் காலை அசைக்கத்தான் வேண்டும். அதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை.

பதில்: லினன்ரூம்

கோடைமலை அண்ணன் சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். கடைசி வரியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. சென்னை விமான நிலையத்துக்கு அருகில் உள்ள ஒரு விடுதியில் எக்ஸிகியூட்டிவ் ஹவுஸ்கீப்பராக, அதாவது அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்குத் தலைவியாக இருந்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன்.

எங்கள் விடுதி கொரோனாவில் மூடவில்லை. 2020 மே மாதம், வெளிநாட்டில் சிக்கியிருந்தவர்களை அழைத்து வர அரசு விட்ட வந்தே பாரத் விமானங்கள் வரத் தொடங்கியதும், அப்படித் திரும்பியவர்களைத் தனிமைப்படுத்தும் இடமாக மாறியது. விருந்தோம்பல் என்று நாங்கள் படித்த அனைத்தையும் தலைகீழாகச் செய்ய வேண்டியிருந்தது. கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல். அதன் மேல் சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்து, இரண்டு முறை தட்டிவிட்டு, உள்ளே இருப்பவர் கதவைத் திறப்பதற்குள் விலகிவிட வேண்டும். விரிப்புகளை உதறாமல் அப்படியே சுருட்டிப் பையில் கட்ட வேண்டும். அறை காலியானபின் ஒரு நாள் முழுவதும் பூட்டி வைத்துவிட்டு, ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைக்க வேண்டும். அந்த நெடி இரவில் வீட்டுக்குப் போனபிறகும் மூக்கை விட்டுப் போகாது.

மஸ்கட்டிலிருந்து வந்த ஒருவருக்கு, வந்த மூன்றாம் நாள் பெரம்பலூர் பக்கத்தில் தகப்பனார் இறந்துவிட்டார். அனுமதி கிடைக்கவில்லை. எங்கள் மேலாளர் இரவு முழுவதும் அதிகாரிகளுக்குப் போன் செய்து பார்த்தார், நடக்கவில்லை. காலையில் அந்த மஸ்கட்காரர் போனிலேயே கொள்ளி வைப்பதைப் பார்த்தார். மேலாளர் அந்த அறைக் கதவுக்கு ஆறடி தள்ளி, வராந்தாவில், முகக்கவசத்தோடு நின்றார். உள்ளே அழுகை கேட்கிறது, தட்டவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது. ஏறக்குறைய நாற்பது நிமிடம் நின்றார். பிறகு கீழே வந்து, மதிய ஷிஃப்டுக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். மேலாளர்கள் மீது எனக்கு மரியாதை இல்லாமல் நான் இதை எழுதவில்லை என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

அந்தக் காலத்தில் எல்லோரும் எல்லா வேலையும் செய்தோம், அது ஆபத்துக்காலம். ஆபத்துக்காலத்தில் தாங்கிக்கொண்டதை முதலாளிகள் அப்படியே வழக்கமாக்கிவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். கணக்கைப் பாருங்கள், தம்பி. விருந்தினர் தங்கியிருக்கும் அறையைச் சுத்தம் செய்ய 20 நிமிடமாவது வேண்டும். செக்-அவுட் ஆன அறைக்கு 35 முதல் 40 நிமிடம் வேண்டும். சாப்பாட்டு நேரமும் டிராலியை நிரப்பும் நேரமும் போக, ஒருவர் ஒரு ஷிஃப்டில் 13 அல்லது 14 அறைகளை ஒழுங்காக முடிக்கலாம். உங்கள் விடுதியில் 9 பேர் என்றால், வார விடுமுறையும் இரவு ஷிஃப்டும் போகப் பகலில் மாடியில் நிற்பவர்கள் நான்கைந்து பேர்தான். விடுதி நிரம்பி, ஒரே காலையில் 40 அறைகள் செக்-அவுட் ஆனால், அவர்கள் கண்ணாடியைத் துடைப்பார்கள், கட்டிலுக்கு அடியில் துடைக்க மாட்டார்கள்.

அந்த நாளில் மேலாளர் மூன்று அறையைச் செய்து கொடுத்தால் விருந்தினருக்கு அறை கிடைத்துவிடும். முதலாளிக்கு ஒன்பது பேரே போதும் என்று தோன்றிவிடும். மேலாளருடைய உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது. 304-இல் உறை மாட்டிக்கொண்டிருந்த உங்கள் மேலாளர் நல்லவர், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் அங்கே இருந்த நேரத்தில், கீழே காத்திருந்த குடும்பங்களிடம் பேச யார் இருந்தார்கள்? அன்றைய லாண்டரி ஏன் தாமதம் என்று யார் கேட்டார்கள்? உதவி செய்யுங்கள், செய்த ஒவ்வொரு அறையையும் தேதியோடு எழுதி வையுங்கள். இந்த மாதம் மேலாளரும் ஃப்ரண்ட் ஆபீஸ் ஆட்களும் சேர்ந்து இத்தனை அறை செய்திருக்கிறோம், இது இத்தனை ஆளின் வேலை என்று மாதக் கடைசியில் முதலாளி முன் வையுங்கள்.

பதில்: நிலாவெளியான்

திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். நிலாவெளிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் முகாமையாளராக இருக்கிறேன். எங்களுடைய அனுபவமும் உங்களுக்கு உதவக்கூடும்.

எங்களுக்குக் கொவிட் இரண்டாவது அடி. முதல் அடி 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல். 2018-இல் 23 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் வந்த நாட்டில், 2021-இல் வந்தவர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. அதற்கு மேல் 2022-இல் பொருளாதார நெருக்கடி: நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு, டீசலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை. அந்த மாதங்களில் முகாமையாளர் என்று நான் பார்த்த வேலை, ஜெனரேட்டருக்கு டீசல் தேடுவதும் சமையற்கட்டுக்கு விறகு தேடுவதும்தான்.

இங்கே ஊழியர்கள் ஏன் போனார்கள் என்பதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. இலங்கையில் விருந்தினரின் பில்லில் பத்து வீதம் சேவைக் கட்டணம் சேர்த்து, அதை மாத முடிவில் ஊழியர்களுக்குப் பங்கிடுவது வழக்கம். நல்ல சீசனில் அந்தத் தொகை அடிப்படைச் சம்பளத்தையே தாண்டிவிடும். பெடியன்கள் அதை நம்பித்தான் வீடு கட்டுவார்கள், லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுப்பார்கள். விருந்தினர் இல்லை என்றால் அது பூச்சியம். மாலைதீவு 2020 ஜூலையிலேயே எல்லையைத் திறந்துவிட்டது. எங்களுடைய விமான நிலையங்கள் பயணிகளுக்கு முழுமையாகத் திறந்தது 2021 ஜனவரி 21-இல். அந்த ஆறு மாத இடைவெளியில் என்னுடைய சிறந்த பரிசாரகர்களும் சமையல்காரர்களும் மாலைதீவுக்குப் போனார்கள். 2022-இல் மிச்சப்பேர் கட்டாருக்கும் டுபாய்க்கும் போனார்கள். அந்த ஒரே ஆண்டில் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போயிருக்கிறார்கள் என்றால், ஒரு ஹோட்டல் முகாமையாளர் எத்தனை பிரியாவிடைக் கேக் வெட்டியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

2024-இல் பயணிகள் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். ஹோட்டல் நிரம்பியிருக்கிறது. பரிமாறுகிற பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்து வந்த பத்தொன்பது, இருபது வயதுக்காரர்கள். ஆறு மாதம் பழக்கி எடுத்தால், அனுபவக் கடிதம் கேட்டு வந்து நிற்பார்கள். கடவுச்சீட்டு ஏற்கெனவே எடுத்திருப்பார்கள். நான் அதைத் தடுப்பதை விட்டுவிட்டேன். இப்போது சேரும்போதே கேட்டுவிடுவேன்: எப்போது வெளிநாடு போக நினைத்திருக்கிறாய், தம்பி? பதினெட்டு மாதம் என்றால், பதினான்காம் மாதத்தில் அவருடைய இடத்துக்கு இன்னொருவரைப் பழக்கத் தொடங்குவேன். முன்பு என் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பயிற்சிக்குப் போகாது. இப்போது கிழமைக்கு இரண்டு பின்னேரம் அதற்கே. உங்கள் முதலாளியிடம் கேட்பதென்றால் அந்த நேரத்தையும் கேளுங்கள். அது இல்லாவிட்டால் மற்றவை எதுவும் நிலைக்காது என்பது என் அனுபவம்.

பதில்: காவிரிக்கரை முதலாளி

கும்பகோணத்தில் 24 அறைகள் உள்ள ஒரு சிறிய விடுதியை நடத்துகிறேன். முதலாளிகள் தரப்பையும் யாராவது சொல்ல வேண்டும்.

2020-இல் வங்கித் தவணையை ஆகஸ்ட் வரை தள்ளிவைத்தார்கள். வட்டி தள்ளிவைக்கப்படவில்லை, அசலோடு சேர்ந்தது. 2021 மார்ச்சில் அரசு உத்தரவாதத்துடனான அவசரக் கடன் விடுதிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆறு ஆண்டுக் கடன், முதல் இரண்டு ஆண்டு அசல் இல்லை. அந்த அசலைத்தான் நாங்கள் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆன்லைன் தளங்கள் வழியாக வரும் அறைக்கு 18 சதவீதம் வரை கமிஷன் போகிறது. ஆளைக் குறைத்தது ஆசையால் அல்ல.

இருந்தாலும் லினன்ரூம் அம்மா சொன்ன கணக்கைப் படித்தபின் என் மேலாளரைக் கூப்பிட்டு, போன மாதம் எத்தனை நாள் விடுமுறை எடுத்தீர்கள் என்று கேட்டேன். ஒரு நாள் என்றார். அதுவும் மாமியார் இறந்ததற்கு. எனக்கு அது தெரியாமல் இருந்திருக்கிறது. தம்பி, உங்கள் முதலாளிக்கும் தெரியாமல் இருக்கலாம். கமிஷன் இல்லாமல் நேரடியாக அறை பதிவு செய்ய வைக்கும் வேலையை நீங்கள் எடுத்துச் செய்தால், அதில் மிச்சமாகும் பணத்தில் ஒரு டூட்டி மேனேஜரின் சம்பளம் வரும். ஆனால் தலையணை உறை மாட்டிக்கொண்டிருக்கும் மேலாளரால் அதைச் செய்ய முடியாது என்பதையும் உங்கள் முதலாளியிடம் எடுத்துச் சொல்லுங்கள். எங்களுக்குப் புரியும் மொழி அது.

கேள்வி கேட்டவர்: வைகைக்கரை

நால்வருக்கும் நன்றி. நேற்று இரவு எங்கள் மேலாளரின் வீட்டுக்குப் போய் இந்தப் பதில்களை எல்லாம் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், பிறகு உள்ளே போய் ஒரு பழைய டைரியை எடுத்து வந்தார். தான் சுத்தம் செய்த அறைகளை 2022 முதல் தேதி வாரியாக அவரும் எழுதி வைத்திருக்கிறார், யாரிடமும் காட்டியதில்லை. கடந்த ஓராண்டில் மட்டும் 211 அறைகள். அதோடு, ஆள் வராமல் அவரே உட்கார்ந்த இரவு ஷிஃப்டுகள் 46.

அந்த டைரியை என்னிடம் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை முதலாளியைப் பார்க்கிறேன். ஒரு டூட்டி மேனேஜர், பகல் ஷிஃப்டுக்கு இன்னும் இரண்டு ஹவுஸ்கீப்பிங் ஆட்கள், வாரத்தில் இரண்டு மதியம் பயிற்சிக்கு, எனக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை. இந்த நான்கையும் எழுத்தில் கேட்கப் போகிறேன். முதல் இரண்டில் ஒன்று கிடைக்காவிட்டாலும் இப்போதிருக்கும் வேலையிலேயே தொடர்வதாகச் சொல்லிவிடுவேன். லினன்ரூம் அம்மாவிடம் ஒரு கேள்வி: ஏஜென்சி ஆட்களை எடுப்பதா, நேரடியாக நம் பட்டியலில் சேர்ப்பதா, எது நல்லது? அந்தக் கேள்வி திங்கட்கிழமை கட்டாயம் வரும்.

பதில்: லினன்ரூம்

நேரடியாகச் சேருங்கள், தம்பி. ஏஜென்சிக்குக் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு அந்தப் பிள்ளைகளின் கைக்குப் போகிறது என்று முதலில் விசாரியுங்கள், அந்தத் தொகையை முதலாளியிடம் சொல்லுங்கள். தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் நீங்களே கொடுங்கள். அந்த அறையை நீங்களே ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஜன்னலும் மின்விசிறியும் இருக்க வேண்டும்.